பலம் எண்பது, தரம் பூஜ்யம்

வேப்பனப்பள்ளியில் வண்டியை ஓரங்கட்டி
அரை மணிகூட ஆகவில்லை,
கைபேசி இரண்டு தரம் வரவேற்றுவிட்டது:
ஒன்று கர்நாடகத்துக்கு, ஒன்று ஆந்திராவுக்கு.
சக்கரமோ புளியமரத்தடியில்
கட்டை வைத்து நிற்கிறது.

கேரவன் ஓட்டுகிறவன் நான்.
உள்ளே ஏசி, கண்ணாடியைச் சுற்றிப் பதினாறு பல்பு,
ஹீரோயின் சாய்கிற சோபா, கால் மிதியடிக்கும் ஒரு மெத்தை.
எனக்கு ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒன்றரை அடிப் பலகை.
எந்த ஊர் போனாலும் முதல் வேலை
கூரையேறி டிஷ்ஷைத் திருப்புவது.
தெற்கே, துளி கிழக்கே, ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே.

கீழே திம்மராயன். லைட் யூனிட் பையன்,
குந்தாரப்பள்ளிக்காரன்.
டிவி முன்னால் குந்தியபடி கத்துகிறான்,
"பலம் எண்பதுண்ணே, தரம் பூஜ்யம்."
ஒரு நூல் திருப்பினேன்.
"பூஜ்யம்."
இன்னொரு நூல்.
"பூஜ்யந்தாண்ணே."
(என் மாமனாரும் கல்யாணத்துக்கு முன்னால்
ஏறத்தாழ இதையேதான் சொன்னார்.)
கிளையைக் கையால் வளைத்துப் பிடித்து
நட்டைத் தொட்டும் தொடாமலும்...
"அறுபத்திரண்டு! வுட்று, கைய எடுத்துடு!"
கையை எடுத்தேன். கொஞ்ச நேரம் மூச்சும் விடவில்லை.

வந்தது எல்லாம்.
டெல்லியில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் சண்டை,
போஜ்புரிக் கல்யாணம், பங்குச் சந்தை,
பனியில் ஒற்றைப் பென்குயின்.
ஹீரோயினுக்கு ராத்திரி ஷூட்டிங். பார்க்க ஆளில்லை.

"நம்மூர் சேனல் வருமாண்ணே?"
நேற்று எருது விடும் விழா.
அவன் அக்கா வீட்டுச் செவலை ஓடியிருக்கிறது.
எட்டு மணிக்குப் போடுவார்களாம்.
நூறிலிருந்து ஆயிரம்வரை ரிமோட்டை அமுக்கினோம்.
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே போய்
இறங்கி வருகிற படத்துக்கு
இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிற
கிருஷ்ணகிரி தெரியவில்லை.

"அது கேபிள்ல மட்டுந்தான்" என்றாள்
டீக்கடை நாகரத்னம்மா.
புருஷனிடம் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம்,
பாக்கி வைத்தவரிடம் தமிழ்.
பாய்லருக்கு மேலே பலகையில் பழைய பெட்டி,
தூசியில் யாரோ விரலால் கணக்குப் போட்டிருந்தார்கள்.

நின்றுகொண்டே பார்த்தோம்.
அடியில் எழுத்து ஓடியது:
ராயக்கோட்டை தக்காளி கூடை நூற்றெண்பது.
காரிக்கன்று காணவில்லை, இடது கொம்பில் மஞ்சள் பெயின்ட்.
மின்தடை நாளை ஒன்பது முதல் ஐந்து வரை.
ஒரு மரண அறிவிப்பு; போட்டோவில் இருந்தவர்
கோபமாக இருந்தார்.
பிறகு தடுப்புக் கட்டைகள், விசில், புழுதி,
கேமராவே பயந்து ஒதுங்கியது போல ஓர் ஆட்டம்.
ஒன்பது புள்ளி மூன்று வினாடி.
செவலை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.
திம்மராயன் மட்டும்
"பாத்தியா, பாத்தியா" என்று என் தோளைப் பிய்த்தான்.
பார்த்தேன் என்றேன். வாலைப் பார்த்திருப்பேன்.

அடுத்த செய்தி:
நம் பகுதியில் சினிமா படப்பிடிப்பு, பொதுமக்கள் உற்சாகம்.
கூட்டம், குடை, எங்கள் வண்டி.
வண்டியின் மேலே
லுங்கியை மடித்துக் கட்டிய ஒருத்தன்
முதுகைக் காட்டிக்கொண்டு
வானத்தை ஏதோ முறுக்குகிறான்.
இரண்டு வினாடி. அதற்குள் நகைக்கடை விளம்பரம்.

நாகரத்னம்மா டம்ளரைக் கழுவுவதை நிறுத்தி
பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"நுவ்வேனா?"
பதினோரு வருஷமாக நடிகர்களை ஏற்றி இறக்குகிறேன்,
தெலுங்கில் எனக்குத் தெரிந்தது ஒரே சொல்.
"அவுனு" என்றேன்.

அம்பத்தூரில் இருக்கிற மனைவிக்குப் போன் போட்டேன்.
எந்த சேனல் என்று கேட்டாள்.
உனக்கு வராது என்று சொன்னதும்
நான் குடித்திருப்பதாக முடிவு கட்டினாள்.

திரும்பி நடக்கையில் கைபேசி அதிர்ந்தது:
தமிழ்நாட்டுக்கு நல்வரவு.
கேரவனுக்குள் தரம் அறுபத்திரண்டு, துளி குறையாமல்.
சோபா காலி.
பென்குயின் இன்னும் நின்றுகொண்டிருந்தது,
பக்கவாட்டில் எதையோ தேடிக்கொண்டு.